எங்களைக் கூண்டிலேற்றுங்கள்!

(வானகரத்தில் ஆற்றிய உரை)

வானகரம் என்றவுடன் ஏடு படிப்போருக்கு, 2022-ஆம் ஆண்டு இங்கே ஒரு திருமண மண்டபத்திலே கூடிக் குமுறிய பொதுக்குழு நினைவிற்கு வரும். எனக்கு நினைவிற்கு வருவது மீன் சந்தை. கூடையொன்றிலே கெட்ட மீன் இருந்தால் என்ன செய்வார்கள்? கூடைக்காரரைக் கேட்பார்கள், வாதாடுவார்கள், அதிகாரி வந்தால் அந்தக் கூடையை அப்புறப்படுத்துவார். ஒரு கூடைக்காகச் சந்தை முழுவதையும் பூட்டிவிட்டு, பூட்டியவர் யார், பூட்டியது ஏன் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டாமற் போனால், அதனை ஆட்சி என்பீரா, அடாவடி என்பீரா?

2025 பிப்ரவரி 15 மாலையிலே நடந்தது அதுதான். அமெரிக்கா 104 இந்தியரைக் கைவிலங்கிட்டு, இராணுவ விமானத்திலேற்றி, பிப்ரவரி 5 அன்று அமிர்தசரசிலே கொண்டுவந்து இறக்கிற்று. பிரதமர் வாய் திறந்தாரில்லை. 'விகடன் பிளஸ்' மின்னிதழ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. டிரம்ப் அருகிலே மோடி, கைகளிலே விலங்கு. பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் செய்தார். விகடன் இணையதளமே இருண்டது! சித்திரம் இருந்த பக்கம் மட்டுமல்ல. சமையற் குறிப்பும் சிறுகதையும் வேளாண்மைக் கட்டுரையும் சேர்ந்தே இருண்டன. அறிவிப்பு பிறகு வந்தது. குழு அதற்குப் பிறகு கூடிற்று. தண்டனை முதலில், விசாரணை பின்னால்! சென்னை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தை மட்டும் இப்போதைக்கு எடுத்துவிடுக, தளத்தைத் திறந்துவிடுக என்ற ஆணை கிடைத்தது. ஏறத்தாழ மூன்று கிழமை தமிழேடொன்று வாயடைத்துக் கிடந்தது.

அதே விகடனின் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு, 1987-இல் ஓர் அட்டைப்படக் கேலிக்காகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. கொடுமைதான். எனினும் தண்டித்தவர் யார் என்பது மறுநாள் ஏடுகளிலே வந்தது; நாடு கண்டித்தது; சில நாட்களிலே அவர் வெளியே வந்தார். முகமுள்ள பகைவனோடு மோதலாம், தோழர்களே!

இன்றைய பகைக்கு முகமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், ஆண்டு 2000. அதிலே 69-ஏ என்றொரு பிரிவு தளங்களை முடக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்குத் தருகிறது. 2009-இல் வகுத்த விதிகளோ, புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைத்திருக்கச் சொல்கின்றன. 79 என்ற பிரிவு, பிறர் எழுதியதைச் சுமந்து செல்லும் கம்பெனிக்குப் பாதுகாப்பளிக்கிறது. நியாயம்தான், கடிதத்திலே வசை இருந்ததென்று அஞ்சற்காரரையா சிறையிலடைப்பது? ஆனால், "நாங்கள் சுட்டுகிற கடிதத்தைக் கிழித்தெறி; மறுத்தால் உன் பாதுகாப்புப் பறிபோகும்" என்று அந்த அஞ்சற்காரரையே மிரட்டினால், அவர் என் கடிதத்துக்காகவா வாதாடுவார்? 36 மணி நேரம் கெடு வைத்தன 2021-ஆம் ஆண்டின் விதிகள். கம்பெனிக்கு இலாபம் பெரிது. என் கருத்து அதற்குக் கடுகு.

கண்ணம்மாளை நினைத்துப் பாருங்கள். 1933 அக்டோபரிலே 'குடி அரசு' ஏட்டிலே, இன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டெழுதினார் பெரியார். அரச நிந்தனை வழக்குத் தொடர்ந்தான் வெள்ளையன். எழுதியவரோடு, வெளியிட்டவர் என்ற பொறுப்பிலே அவர்தம் தங்கை கண்ணம்மாளும் கூண்டிலே நின்றார். நான் அஞ்சற்காரி, எனக்கென்ன தெரியும் என்றாரில்லை. இருவரும் சிறை ஏகினர். அந்நிய ஆட்சிகூடக் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிற்று!

பொறுப்பே கூடாதென்று நான் பேச வரவில்லை. பெண் செய்தியாளரை இழிவுபடுத்திய பதிவொன்றை 2018-இல் தம் பக்கத்திலே பகிர்ந்தார் நடிகர் எஸ்.வி. சேகர். வேறொருவர் எழுதியது, படிக்காமல் அனுப்பினேன் என்றார். உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் 2023-இல் அதனை ஏற்க மறுத்தன. 2024 பிப்ரவரியிலே தண்டனை கிடைத்தது. ஆகவே கைப்பேசியிலே வந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் நம் தம்பிமாரும் எச்சரிக்கையாயிருத்தல் நலம். அங்கே வழக்கு இருந்தது, வாதம் இருந்தது, தீர்ப்பு இருந்தது. அதைத்தான் கேட்கிறோம்! நம்மை ஏசி எழுதியவனை நள்ளிரவிலே இழுத்துச் சென்றார்கள் என்ற செய்தி வந்தால் கைகொட்டாதீர். அவனுக்கும் அந்தக் கூண்டு வேண்டும், அந்த வழக்கறிஞர் வேண்டும்.

2015 மார்ச் 24 அன்று, 66-ஏ பிரிவைச் செல்லாதென்று வீசியெறிந்த உச்சநீதிமன்றம், 69-ஏ பிரிவை மட்டும் விட்டுவைத்தது. ஏன்? முடக்குவதற்கான காரணத்தை எழுத்திலே பதிவு செய்யவேண்டும், அதனை எதிர்த்து உயர்நீதிமன்றம் செல்ல வழியுண்டு என்று காரணம் காட்டிற்று. நல்லது. எழுதப்பட்ட காரணம் டில்லி அலமாரியிலே உறங்க, முடக்கப்பட்டவன் எதைக் கையிலெடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறுவான்? இரகசிய விதியை எடுங்கள். முடக்குமுன் எழுதியவனுக்கு ஆணையின் படியைக் கொடுங்கள். இதைத் தீர்மானமாக்கி, வானகரத்திலிருந்து நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புகிறோம். உங்கள் கிளையிலிருந்தும் அனுப்புங்கள்.