விரல் நகத்தளவு ட்வீட்டர்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குப் பிடிச்சதைப் பேசுப்பா, ஆனா பத்து நிமிஷத்தைத் தாண்டாதே" என்று செயலாளர் கட்டளையிட்டிருக்கிறார். பகல் முழுதும் காக்களூர் தொழிற்பேட்டையில் மோட்டாரோடும் பேனல் போர்டோடும் மல்லுக்கட்டுகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மணவாள நகர் வீட்டு மாடியில் ஸ்பீக்கர் பெட்டி செய்வது என் பொழுதுபோக்கு. அதில் எல்லோரும் திணறுகிற ஒரு சின்னப் பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுதான் ட்வீட்டர். அதிலும் விரல் நகத்தளவு ட்வீட்டர்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஸ்பீக்கர் பெட்டியில் தடித்த ஒலிகளைத் தருவது வூஃபர், மெல்லிய கூரான ஒலிகளைத் தருவது ட்வீட்டர். இந்தக் கூரான ஒலி இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பழைய தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்ன அனுபவம் உங்களுக்கு இருக்கும். "எஸ்" என்றால் மறுமுனையில் "எஃப்பா சார்?" என்பார்கள். காரணம், அந்தத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். "ஸ்" என்ற ஒலியின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆக, ட்வீட்டர் பாட்டுக் கேட்க மட்டும் அல்ல, பேச்சு புரியவும் வேண்டும்.

சரி, ஏன் சின்னதாக வேண்டும்? அழகுக்காக அல்ல. இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, வூஃபரும் ட்வீட்டரும் பொறுப்பை மாற்றிக் கொள்கிற அலைவெண்ணில், இரண்டின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஓர் அலைநீளத்துக்குள் இருப்பது நல்லது. ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. 4000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 செ.மீ. தான். நாலு இன்ச் வூஃபருக்குப் பக்கத்தில் 10 செ.மீ. தகடுள்ள ட்வீட்டரை வைத்தால் மைய தூரம் 10 செ.மீ.யைத் தாண்டிவிடும். 3 செ.மீ. அகலமுள்ள ட்வீட்டர் என்றால் 7 செ.மீ.க்குள் அடங்கும். இல்லாவிட்டால் நாம் உட்காருவதற்கும் எழுந்து நிற்பதற்கும் ஒலி மாறும்.

இரண்டு, டோமின் விட்டத்துக்கு அலைநீளம் சமமாகும்போது ஒலி டார்ச் வெளிச்சம் போலக் குவியத் தொடங்கும். 25 மி.மீ. டோமுக்கு இது சுமார் 13,700 ஹெர்ட்ஸில் நடக்கிறது. 13 மி.மீ. டோமுக்கு நம் காது எட்டுகிற 20,000 ஹெர்ட்ஸுக்கும் அப்பால் போய்விடுகிறது. அதனால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும்.

டோம் ட்வீட்டர் 1958ல் அமெரிக்காவில் வந்த ஏ.ஆர்.-3 பெட்டியிலேயே வந்துவிட்டது. ஆனால் பின்னால் இருக்கும் ஃபெரைட் காந்தம் பிஸ்கட் போல அகலமாகத்தான் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தன. அதன் பிறகுதான் காந்தம் டோமுக்குப் பின்னாலேயே ஒளிந்து கொண்டது. இன்று கார் கண்ணாடி ஓரத்தில் தெரிகிற குட்டி ட்வீட்டர் அதன் பேரப்பிள்ளை.

இனி, எங்கே கிடைக்கும்? நம் ஊரிலிருந்து லோக்கல் ரயிலில் ஏறினால் 42 கி.மீ. வண்டி போய் நிற்கும் இடமே ஒரு காலத்தில் பழைய பொருள் வேட்டைக்காரர்களின் சொர்க்கமாக இருந்த மூர் மார்க்கெட்தான். அது 1985ல் எரிந்து போனது. இப்போது நமக்குக் கதி ரிச்சி தெரு. ரிச்சி தெரு என்று ஒரு பெயர் சொன்னாலும் நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்ததுதான் அது. புதுசு வேண்டுமென்றால் அங்கே கார் ட்வீட்டர் ஜோடியாகக் கிடைக்கும். பழசு போதுமென்றால் புதுப்பேட்டையில் உடைத்த கார்களிலிருந்து கழற்றியது கிடைக்கும். அதையும் விடப் பக்கம் நம் வீட்டுப் பரண். செத்துப் போன ஹோம் தியேட்டர் பெட்டிக்குள் பாருங்கள்.

கடையில் முதல் வாக்கியமே, "சார், இது ஐந்நூறு வாட்ஸ்" என்பதாக இருக்கும். நகத்தளவு சுருளில் ஐந்நூறு வாட்டை நிஜமாகவே தொடர்ந்து செலுத்தினால் ட்வீட்டர் இருக்காது, புகை இருக்கும். அந்த எண்ணை விட்டுவிடுங்கள். கையில் மல்டிமீட்டர் கொண்டு போங்கள். "அண்ணே, ஒரு நிமிஷம் அளந்து பாத்துக்கறேன்" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். 4 ஓம் ட்வீட்டர் மூன்றரை ஓம் அளவில் காட்டும், 8 ஓம் என்றால் ஆறிலிருந்து ஏழு. ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்தது, அல்லது அது பீசோ ட்வீட்டர். பீசோ மைக் செட்டுக்குச் சரி. சத்தம் தூரம் போகும், ஆனால் அறைக்குள் காதைக் குத்தும்.

நான் உங்களிடம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். சின்ன ட்வீட்டர் வாங்கப் போகிறவர் ஸ்கேலோடு மட்டும் போகக் கூடாது, "இது எவ்வளவு கீழே இறங்கும்?" என்ற கேள்வியோடு போக வேண்டும். சின்ன டோம் தள்ளுகிற காற்று கொஞ்சம். அதே சத்தத்துக்கு அலைவெண் பாதியானால் அது நான்கு மடங்கு அசைந்தாக வேண்டும். ஒவ்வொரு ட்வீட்டருக்கும் ஓர் ஒத்ததிர்வு அலைவெண் உண்டு. அதைப் போல இரண்டு மடங்குக்குக் கீழே அதை வேலை வாங்காதீர்கள். ஆகவே வூஃபர் எதுவரை ஏறும் என்று முதலில் பாருங்கள், ட்வீட்டரைப் பிறகு தேடுங்கள்.

ஒத்ததிர்வை அளப்பது எப்படி? ட்வீட்டரோடு தொடராக 100 ஓம் மின்தடையை இணைத்து, ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைக் குறைவாக வைத்து, 500 ஹெர்ட்ஸிலிருந்து 5000 வரை மெல்ல ஏற்றுங்கள். ட்வீட்டரின் இரு முனைகளில் மின்னழுத்தம் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அதுதான் அது. மலிவான மல்டிமீட்டரின் ஏ.சி. அளவு சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத் தக்கதல்ல. அதற்குத்தான் நம் லேபில் ஆசிலோஸ்கோப் இருக்கிறதே!

அடுத்து கண்டென்சர். கார் ட்வீட்டரின் ஒயரில் ஒரு சின்னக் கண்டென்சர் கூடவே வரும். அது 4.7 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக் கொள்வோம். 4 ஓமில் அது சுமார் 8,500 ஹெர்ட்ஸிலிருந்துதான் முழுசாகத் திறக்கும். உங்கள் வூஃபர் 5,500லேயே களைத்துவிட்டால் நடுவே ஒரு பள்ளம். 6.8 மைக்ரோ ஃபாரட் போட்டால் 5,850க்கு இறங்கி வந்து கை கொடுக்கும். கணக்கு எளிது. 2, பை, அலைவெண், ஓம், இந்த நான்கையும் பெருக்கி ஒன்றை அதனால் வகுங்கள். முனை பேதமில்லாத கண்டென்சர் கிடைக்காவிட்டால், சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இரண்டின் மைனஸ் முனைகளை ஒன்றாகச் சேர்த்தால் போதும். பத்தும் பத்தும் சேர்ந்தால் அங்கே ஐந்துதான்!

சென்ற ஆண்டு எங்கள் தெருவருகே உள்ள ஒரு பள்ளிக்கு நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஆறு பெட்டிகள் செய்து கொடுத்தோம். நாலு இன்ச் ஸ்பீக்கர் மட்டும் வைத்த பழைய பெட்டியில் ஆங்கிலப் பாடம் ஒலித்தபோது, "ஃபின்" என்றதைப் பின்வரிசைப் பிள்ளைகள் "தின்" என்று எழுதிக் கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைத்தான் கவனமில்லை என்று திட்டிக் கொண்டிருந்தார்கள். 13 மி.மீ. ட்வீட்டரும் ஒரு கண்டென்சரும் சேர்த்த பிறகு அந்த டீச்சர் என்னிடம், "தம்பி, இப்ப கடைசி பெஞ்சும் சரியா எழுதுதுப்பா" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் வேண்டாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பழைய மாணவர்களே, உங்கள் வீட்டில் பேசாமல் கிடக்கும் ஸ்பீக்கர்களை எடைக்குப் போடாதீர்கள். நம் துறையில் ஒரு பெட்டி வைக்கச் சொல்லி ஹெச்.ஓ.டி. அவர்களிடம் கேட்டிருக்கிறேன், இசைந்திருக்கிறார். அதில் கொண்டு வந்து போடுங்கள். தம்பி தங்கைகளே, நீங்கள் ஒவ்வொன்றையும் அளந்து ஓம் எவ்வளவு, ஒத்ததிர்வு எவ்வளவு என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். கடைக்காரர் ஒட்டிய ஐந்நூறு வாட்டை விட உங்கள் கையெழுத்தில் உள்ள அந்த இரண்டு எண்கள் மதிப்புள்ளவை. இந்தப் பகுதியில் இன்னும் எத்தனையோ வகுப்பறைகள் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் நானும் வந்து கூட உட்காருகிறேன்.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.