சொல்லிலிருந்து விலைக்கு



கணினித் தொழிலை விட்டு முதலீட்டுத் துறைக்குச் செல்வோரைப் பணத்தின் பின்னே போனவர்கள் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சென்ற இருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன்.

பீட்டர் பிரவுனும் ராபர்ட் மெர்சரும் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் மொழிபெயர்க்கும் கணினிக்காக உழைத்த குழுவினர். கனடா நாடாளுமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதிவாகின்றன. அவ்விரு பதிவுகளையும் ஒப்பிட்டு, எச்சொல்லுக்கு எச்சொல் இணையாக வரும் என்னும் நிகழ்தகவைக் கணித்தார்கள். இலக்கண விதிகளைக் கணினிக்கு எழுதித் தரவில்லை. அம்முறையை 1993இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

அதே ஆண்டில் இருவரும், கணித அறிஞர் ஜேம்ஸ் சைமன்ஸ் நிறுவிய ரெனைசன்ஸ் முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்தனர். சொற்களின் குவியலில் ஒழுங்கைத் தேடிய கணிதம் விலைகளின் குவியலில் அதைத் தேடலாயிற்று. சைமன்ஸ் ஓய்வுபெற்றபின் நிறுவனத் தலைமையும் இவர்களிடமே வந்தது.

மொழிபெயர்ப்புக் கட்டுரையைப் படித்தவர்கள் அதன்மேல் மேலும் ஆய்வு செய்தார்கள். சந்தையில் கண்ட முறையோ வெளியே சொல்லப்படுவதில்லை; பலரும் அறிந்தால் அதன் ஆதாயம் கரைந்துவிடும். பொருளீட்டியவர்களை நான் குறை கூறவில்லை. ஒரு மொழியின் ஆய்வு அன்று இழந்ததை மட்டும் எண்ணுகிறேன்.

நம் இளைஞர்களும் பிழைப்புக்காக எத்துறைக்கும் செல்வார்கள்; செல்லட்டும். தாம் கண்டதை மறைக்காமல் சொல்ல ஓர் அவை அவர்களுக்கு வேண்டும். பத்தாண்டுகளாக நம் வட்டம் அத்தகைய அவையாக இருந்துவருகிறது. அவர்களுக்காக அதன் கதவைத் திறந்தே வைப்போம்.