வைக்கோலில் ஹைட்ரஜன்: எடுக்கலாம், எதற்கு?

பஞ்சாபில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2 கோடி டன் நெல் வைக்கோல் வயல்களில் மிஞ்சுகிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதனால் நடவு ஜூனுக்குத் தள்ளிப்போனது, கூடவே அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்பதற்குள் வயலைத் துப்புரவாக்க விவசாயிக்கு இப்போது கிடைப்பது இரண்டு மூன்று வாரம்தான். தீ வைப்பதைவிடச் செலவு குறைந்த வழி அவருக்குத் தெரியவில்லை. அந்தப் புகை டெல்லிக்கு வந்து சேரும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு யோசனையும் பேச்சுக்கு வருகிறது: வைக்கோலை எரிப்பதற்குப் பதில் ஹைட்ரஜனாக்கி, அதிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்தக் கிராமங்களுக்கே கொடுத்தால் என்ன? முதல் பாதியை நான் ஏற்கிறேன். வைக்கோலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் கிராமத்து விளக்கை எரியவைக்க அதை எடுப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

கணக்கைப் பார்ப்போம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் தாசப்பாவின் குழு, தாவரக் கழிவைக் காற்றில் எரிக்காமல், ஆக்ஸிஜனும் நீராவியும் செலுத்தி வாயுவாக்கும் முறை ஒன்றை உருவாக்கி 2022-இல் அறிவித்தது. உலர்ந்த கழிவு 1 கிலோ போட்டால் 100 கிராம் ஹைட்ரஜன் வருகிறது. கழிவுக்குள் இயல்பாக இருப்பது 60 கிராம்தான், மீதி நீராவியிலிருந்து பிரிந்து வருவது. உண்மையிலேயே பாராட்ட வேண்டிய சாதனை இது. அந்த 100 கிராமில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 3.3 யூனிட். எரிபொருள் மின்கலம் அதில் பாதியை மின்சாரமாக்கித் தரும் என்று வைத்தால் கைக்கு வருவது ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இதிலிருந்துதான் மற்ற செலவுகளைக் கழிக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்க மின்சாரம், நீராவிக்கு வெப்பம், ஹைட்ரஜனை மற்ற வாயுக்களிலிருந்து வடித்தெடுக்க அழுத்தம், சிலிண்டரில் அடைக்க மறுபடியும் அழுத்தம். கிராம அளவிலான சின்ன ஆலையில் இந்த ஒவ்வொன்றும் கூடுதலாகவே விழுங்கும். இன்னொரு பக்கம், அதே கழிவைச் சாதாரணக் காற்றிலேயே வாயுவாக்கினால் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்ஸைடும், ஏறத்தாழ அதே அளவு ஹைட்ரஜனும், பாதிக்கு நைட்ரஜனும் கலந்த ஒரு மட்டமான வாயு கிடைக்கிறது. மட்டமானதுதான். ஆனாலும் அதை நேரே ஒரு எஞ்சினுக்குள் விட்டால் போதும், நல்ல விறகாக இருந்தால் கிலோவுக்கு ஒரு யூனிட் அளவில் மின்சாரம் வந்துவிடும். இத்தனை இயந்திரங்களைக் கூடுதலாக நிறுவிய பிறகும் முதல் வழிக்குப் பெரிய ஆதாயம் தங்குவதாக எனக்குத் தெரியவில்லை.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. பீகாரில் மேற்குச் சம்பாரண் மாவட்டத்துத் தம்குஹா கிராமத்தில் 2007-இல் ஹஸ்க் பவர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் உமியிலிருந்து வாயு எடுத்து, எஞ்சின் ஓட்டி, வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அரிசி ஆலைகள் தள்ளிவிட்ட உமிதான் எரிபொருள். எரிந்து மிஞ்சிய கரியை ஊதுபத்தி உருட்டப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் இத்தகைய சிறு நிலையங்கள் எண்பதைத் தாண்டின. பிறகு சூரியத் தகடுகளின் விலை சரிந்தபோது நிறுவனமே பகலுக்கு வெயில், இருட்டிய பிறகு உமி என்று மாறிக்கொண்டது. அந்த மாற்றத்துக்கு ஹைட்ரஜன் தேவைப்படவில்லை.

வாயு எஞ்சின்கள் பல ஊர்களில் சீக்கிரமே நின்று துருப்பிடித்துப் போயினவே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வைக்கோல் சாம்பலில் மணற்சத்தும் பொட்டாசியமும் அதிகம். உலையின் சூட்டில் அவை உருகி, கண்ணாடிக் கட்டிபோலத் தட்டியில் இறுகிவிடும். வாயுவோடு வரும் தார் குழாயிலும் வால்விலும் படியும். வாயுவைக் கழுவிய தண்ணீர் கறுத்து, நெடியேறி, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தொட்டியில் தேங்கும். வடிகட்டியைத் துடைக்க ஒரு நாள் மறந்தால் மறுநாள் எஞ்சின் திணறும். ஆனால் இந்தத் தொல்லைகளை ஹைட்ரஜன் தீர்ப்பதில்லை, இன்னும் கூட்டுகிறது. டீசல் எஞ்சின் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். எரிபொருள் மின்கலமோ, பத்து லட்சத்தில் பத்துப் பங்கு கார்பன் மோனாக்ஸைடு கலந்தாலே சுணங்கிவிடும். ஒரு மெக்கானிக்கை வைத்துச் சமாளிக்க முடியாத ஊரில் அதைவிட நுட்பமான கருவியை வைப்பதில் அர்த்தமில்லை.

சேமித்து வைக்கலாமே என்பது இதைவிட வலுவான வாதம். வெயில் இல்லாத நேரத்துக்கு ஹைட்ரஜன் கைகொடுக்கும் என்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் 1 கிலோ ஹைட்ரஜனை வைக்க ஏறக்குறைய 12,000 லிட்டர் இடம் வேண்டும், அதாவது ஒரு தண்ணீர் லாரி. அதைச் சுருக்க 350 மடங்கு அழுத்தம், தனி உருளை, தனிப் பாதுகாப்பு. வெயிலைச் சேர்த்து வைத்த பொருள் ஏற்கெனவே களத்தில் போராகக் குவிந்திருக்கிறது. ஈரம் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு உலையில் போட்டால் போதும். சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பவருக்குச் சேமிப்பு ஒரு காரணமாகலாம், வைக்கோல் வைத்திருப்பவருக்கு ஆகாது. (எல்லா ஊரிலும் வைக்கோல் சும்மா கிடப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். தஞ்சை வட்டாரத்து வைக்கோல் கட்டுக்கட்டாக லாரியேறிக் கேரளத்து மாடுகளுக்குப் போகிறது. அதை எந்த ஆலையும் இலவசமாக எதிர்பார்க்க முடியாது.)

அப்படியானால் அந்த 100 கிராம் ஹைட்ரஜனை என்ன செய்வது? மின்சாரத்தால் செய்ய முடியாத வேலைக்கு அனுப்ப வேண்டும். இந்தியா ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது. பெரும்பகுதி பெட்ரோலியச் சுத்திகரிப்புக்கும் உரத்துக்கும் போகிறது, அநேகமாக எல்லாமே இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 1 டன் யூரியாவுக்கு ஏறத்தாழ 0.58 டன் அம்மோனியா வேண்டும், அதற்கு 100 கிலோ அளவில் ஹைட்ரஜன். பெங்களூருக் கணக்குப்படி அதைத் தருவது சுமார் 1 டன் உலர்ந்த கழிவு. சாம்பல் மிகுந்த வைக்கோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். யூரியாவுக்கு வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடும் அதே உலையிலிருந்து வருகிறது. வெறும் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால் இந்த இரண்டாவது பொருளுக்கு வேறு வழி தேட வேண்டும். வைக்கோல் எரிகிற வட்டாரத்துக்கு நடுவிலேயே, பட்டிண்டாவில், பொதுத்துறை உர ஆலை ஒன்று இருக்கிறது. அதே பஞ்சாபின் நங்கலில் 1960-களிலேயே பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் உரம் தயாரித்தார்கள்.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வரையறை, தாவரக் கழிவிலிருந்து எடுப்பதையும் பசுமை என்றே ஏற்கிறது. ஆகவே பணத்துக்கும் விதிக்கும் வழியிருக்கிறது. இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது: மூன்று வாரத்துக்குள் வயல் வயலாகப் போய் வைக்கோலைக் கட்டி, ஆண்டு முழுக்க நனையாமல் வைத்து, ஆலை வாசலில் இறக்க வேண்டும். அந்தக் கூலியை விவசாயி தலையில் கட்டினால் அவர் மறுபடியும் தீ வைப்பார். யூரியா மூட்டைக்கு அரசு ஏற்கெனவே பெரிய மானியம் கொடுக்கிறது. அந்த மானியத்தில் எரிவாயு இறக்குமதிக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு வைக்கோல் கட்டுக்கு விலையாக வயலுக்கு வந்தால்தான் உலைக்குத் தீனி தவறாமல் கிடைக்கும்.