ஒரே நாளிலா, ஒரு வாழ்நாளிலா?

தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால், "கதிர்வீச்சு ஆச்சே!" என்று சிலர் பயப்படலாம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் சேர்வது சுமார் 0.1 மில்லிசீவர்ட்தான்; உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது. மண்ணும் வானமும் ஆண்டுதோறும் நமக்குத் தருவதே, உலகச் சராசரியில், 2.4 மில்லிசீவர்ட்.

எவ்வளவு என்பதோடு, எத்தனை நேரத்தில் என்பதையும் பார்க்க வேண்டும். ஆயிரம் மில்லிசீவர்ட் சில நிமிடங்களில் உடல் முழுக்கப் பாய்ந்தால் வாந்தி வரும், ரத்த அணுக்கள் குறையும். அதே அளவு ஆயுள் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்ந்தால், செல்களுக்குப் பழுதுபார்க்க அவகாசம் உண்டு. புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடலாம். அதுவும் பல ஆண்டுகள் கழித்து.

குறுகிய காலத்தில் அதிகம் பட்டதற்கு ஓர் உதாரணம்: 2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம்விட்ட பழைய கருவியைக் காயலான் கடையில் பிரித்தார்கள். உள்ளே கதிர்வீச்சு வீசும் கோபால்ட்-60. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். ஒரு கவனக்குறைவுக்கு ஏழைத் தொழிலாளி கொடுத்த விலை அது.

கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையிலோ, சிறுகச் சிறுகக் கதிர்வீச்சு வீசும் தோரியம் கலந்த மணலில் தலைமுறைகளாக மக்கள் வாழ்கிறார்கள். நம் மணவாளக்குறிச்சியிலும் அப்படிப்பட்ட மணல்தான். கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பல்லாண்டு ஆராய்ந்தும், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

பல்லாவரம், பெருங்களத்தூர் பக்கம் பழைய இரும்பு வாங்கும் அன்பர்களே! மஞ்சளில் மூன்று இதழ் விசிறிபோல் குறியிட்ட பெட்டி வந்தால் உடைக்காதீர்கள். விலகி நின்று, உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.