இடிச்சிட்டுக் கட்டலாமா, பழுது பார்க்கலாமா?

ஒரு பழைய ஓப்பன் சோர்ஸ் வெப் அப்ளிகேஷனை முழுசா திரும்ப எழுதப் போறோம்னு யாராவது சொன்னா, நான் முதல்ல கேட்கிறது இதுதான்: இப்ப அதை யூஸ் பண்றவங்க புதுசுக்கு எப்படி வருவாங்க?

ட்ரூபலையே எடுத்துக்கோங்க. வெப்சைட் நடத்துறதுக்காக பிஎச்பி-யில எழுதின சாஃப்ட்வேர். ட்ரூபல் 7 வெளிவந்தது 2011 ஜனவரி 5. அடுத்த வெர்ஷன் 8 வர்றதுக்கு 2015 நவம்பர் ஆயிடுச்சு. சிம்ஃபொனி கம்போனன்ட்கள், ட்விக் டெம்ப்ளேட்னு உள்கட்டமைப்பே மாறிப் போச்சு. டெக்னிக்கலா பார்த்தா நியாயமான மாற்றம்தான்.

ஆனா 7-க்கு எழுதின மாட்யூல்கள் 8-ல அப்படியே ஓடாது. டெம்ப்ளேட்டையும் மாத்தணும், டேட்டாவையும் மைக்ரேட் பண்ணணும். டெவலப்பர் டீம் இருக்கிற கம்பெனி சமாளிச்சிடும். லீவு நாள்ல ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கிற ஒரு சின்ன அமைப்போட சைட்டுக்கு, அது அப்டேட் இல்லை. புதுசா சைட் கட்டுற செலவு.

அதனால நிறைய பேர் 7-லயே நின்னுட்டாங்க. சிலர் 7-ஐ ஃபோர்க் பண்ணி, 2015 ஜனவரியில பேக்டிராப்னு தனியாவே ஒண்ணை வெளியிட்டாங்க. 2021 நவம்பர்ல முடிய வேண்டிய 7-ஓட சப்போர்ட், தள்ளித் தள்ளி 2025 ஜனவரி 5 வரைக்கும் போச்சு. சரியா 14 வருஷம்! அதுவரை பழசுலயும் புதுசுலயும் செக்யூரிட்டி ஓட்டைகளை அடைச்சுக்கிட்டே இருக்கணும். அதுல தன்னார்வலர்களோட நேரமும் அடக்கம்.

அடுத்த தாவலை அவங்க வேற மாதிரி செஞ்சாங்க. 9-ஐ தனியா எழுதல. 8-க்குள்ளயே புது முறைகளைச் சேர்த்து, பழசை 'இது போகப் போகுது'ன்னு முன்கூட்டியே குறிச்சு வெச்சாங்க. 2020 ஜூன் 3, ஒரே நாள்ல 8.9, 9.0 ரெண்டும் வந்துச்சு. குறிச்சு வெச்ச பழசை நீக்கினது, சார்ந்திருக்கிற லைப்ரரிகளைப் புதுப்பிச்சது, இதுதான் முக்கியமான வித்தியாசம்.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு பிளான் போடுறீங்களா? முதல் மாசமே மைக்ரேஷன் ஸ்கிரிப்டை எழுதுங்க. நிஜமான ஒரு பழைய டேட்டாபேஸோட காப்பியை அதுல ஓட்டிப் பாருங்க. எந்த டேபிள்ல சிக்குதோ, அங்கதான் யாரும் எழுதி வைக்காத விதிகள் ஒளிஞ்சிருக்கும். பழசுக்கு எத்தனை வருஷம் யார் சப்போர்ட் தருவாங்கன்னு பேரோட எழுதிப் போடுங்க. அந்தப் பட்டியல்ல பேர் கொடுக்க ஆளே இல்லைன்னா, மொத்தமா இடிக்காதீங்க. ஒவ்வொரு அறையா மாத்துங்க.