எழுதிக் கொடுக்கும் முன்னே ஒரு நிமிஷம்

(பழனிசெட்டிபட்டியில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், சட்டத் தன்னார்வலராக இருக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



கடனும் சேமிப்பும் பத்தி மாசாமாசம் பேசுறோம். இன்னைக்கு நாம பேசத் தயங்குற ஒரு விஷயத்தைப் பேசப் போறேன். நாளைக்கு நாம படுத்த படுக்கையாயிட்டா யார் பார்ப்பாங்க? செலவுக்கு என்ன வழி? அரசாங்கம் எவ்வளவு கொடுக்கும்? அதுக்கு இப்பவே என்ன செஞ்சு வைக்கணும்?

முதலில் எங்க சின்னம்மா கதையைச் சொல்லிடறேன். கணவர் இல்லை. திராட்சைத் தோட்டத்துல கூலிக்குப் போய், சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு ஓட்டு வீடு வாங்கினாங்க. அறுபது வயசு ஆனதும் ஒருத்தர் வந்து, "வீடு உங்க பேர்ல இருந்தா முதியோர் பணம் வராது, மகன் பேருக்கு மாத்திடுங்க" என்று சொன்னார். சின்னம்மாவும் பத்திர ஆபீசுல போய்க் கைநாட்டு வச்சுட்டு வந்தாங்க. இரண்டு வருஷத்துல மகன் வீட்டை வித்துட்டான். மூணாவது வருஷம் சின்னம்மாவுக்கு வாதம் வந்து கை, கால் விழுந்துடுச்சு. படுக்கக்கூடத் தன் இடம்னு ஒண்ணு இல்லை. முதியோர் பணமாவது வந்துச்சான்னு கேட்காதீங்க. மகன் இருக்கான்னு மனுவைத் தள்ளிட்டாங்க.

இந்தக் கணக்கை நாம போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பிச்சது. 2011ல் 1,000 ஆச்சு, 2023 ஆகஸ்டில் 1,200 ஆச்சு. 1,200 என்றே வச்சுக்கிட்டாலும் வருஷத்துக்கு 14,400 ரூபாய். பத்து வருஷம் வாங்கினாலும் ஒண்ணரை லட்சம் வராது. அதுக்காக ஒரு வீட்டை விடலாமா?

உதவித்தொகைக்கு யார் தகுதி?

60 வயது முடிஞ்சிருக்கணும். வறுமையில், ஆதரவு இல்லாம இருக்கணும். சொத்து மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. சின்ன ஓட்டு வீடு இருக்குங்கிறதாலேயே கிடைக்காதுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. வரம்பு எவ்வளவுன்னு தாலுகா அலுவலகத்துல, சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் கேளுங்க. தெருவுல வர்ற புரோக்கர்கிட்ட கேட்காதீங்க. இன்னொண்ணு, விசாரணைக்கு வர்ற வி.ஏ.ஓ. பட்டாவை மட்டும் பார்க்கிறதில்லை. யார் கூட இருக்கீங்க, யார் சோறு போடுறாங்கன்னும் பார்ப்பார். பேர் மாத்தினதால மட்டும் பணம் வந்துடாது. பொய்யா எழுதிக் கொடுத்தா பின்னால நிறுத்திடுவாங்க.

வாதத்துல படுத்தவங்களுக்கு வேறொரு வழி இருக்கு. அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுங்க. 75 சதவீதத்துக்கு மேல் கடுமையான பாதிப்பு இருந்தா, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். நம்மில் பலருக்கு இது தெரியாது. முதியோர் பணத்துக்கே நடையா நடக்கிறோம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும். ஆனா வீட்டுல வருஷக் கணக்கா படுத்திருக்கிறவங்களுக்குத் துணி மாத்தவும், சோறு ஊட்டவும் அது காசு தராது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்சும் இயன்முறை சிகிச்சை செய்பவரும் வீட்டுக்கே வர வழி செய்தாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சு வையுங்க.

ஆக, அரசாங்க உதவி ஒரு கை கொடுக்கும். மத்த செலவுக்கெல்லாம் நம்ம வீடு, நம்ம நகை, நம்ம பிள்ளைங்கதான்.

செட்டில்மென்டா, உயிலா?

தான செட்டில்மென்ட் எழுதிப் பதிஞ்சா, சொத்து அன்னைக்கே கைமாறிடும். மனசு மாறி, "நான் ரத்து பண்றேன்"னு நாமளா ரத்து பண்ண முடியாது. உயில் அப்படி இல்லை. நம்ம உயிர் இருக்கிற வரைக்கும் சொத்து நம்மளோடதுதான். எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தி எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சி கையெழுத்துப் போடணும். பதிவு கட்டாயமில்லை, ஆனா பதிஞ்சுக்கிட்டா நல்லது. அவசரம் இல்லேன்னா உயிலே போதும்.

செட்டில்மென்டுதான் எழுதணும்னா, பத்திரத்துல இரண்டு வரி கட்டாயம் இருக்கணும். ஒண்ணு, "என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் நானே குடியிருந்து அனுபவிப்பேன்." இரண்டு, "என் உணவு, உடை, மருத்துவம், பராமரிப்பு அனைத்தையும் பெறுபவர் கவனிக்க வேண்டும். தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது." எழுத்தர் "வழக்கமா எழுதுறதுதான்" என்பார். கையெழுத்துப் போடும் முன்னே முழுசா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. விடுதலைப் பத்திரம், பவர் பத்திரம்னு எது வந்தாலும் இதேதான்.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. மகன் மட்டும் இல்லை, மகளுக்கும் வயசுக்கு வந்த பேரன் பேத்திக்கும் பொறுப்பு உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துல மனு கொடுக்கலாம். பழனிசெட்டிபட்டி, தேனிப் பக்கத்துக்குப் பெரியகுளம். கம்பம், போடிப் பக்கத்துக்கு உத்தமபாளையம். மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் ஜீவனாம்சம் உத்தரவு போடலாம். 90 நாளில் முடிக்கணும்னு சட்டம் சொல்லுது.

60 வயசுக்கு மேல எழுதிக் கொடுத்து, கவனிக்காம விட்டுட்டா, 23வது பிரிவில் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆனா நிபந்தனை இருக்கணும்னு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பில், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ளணும்னு சொல்லி, ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்து வயசான தாய் ஒருத்தர் வழக்கில், அன்பினால எழுதிக் கொடுத்தாலே அதுக்குள்ள கவனிக்கணும்கிற நிபந்தனை அடங்கியிருக்குன்னு சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனா நோயோட கோர்ட்டுக்கு அலையணுமா? அந்த இரண்டு வரியை முதல்லயே எழுதிட்டா தகராறே இல்லையே!

சின்னம்மா பத்திரத்துல அந்த வரி இல்லை. வீடும் வேறொருத்தர் கைக்குப் போயிடுச்சு. இப்போ அவங்க மகள்தான் வச்சுப் பார்க்கிறா. ஏலத்தோட்ட வேலையையும் விட்டுட்டா.

இன்னைக்கே செய்ய வேண்டியது

1. வீட்டுப் பத்திரம், பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. கணவர் உயில் எழுதாம இறந்திருந்தா, அவர் சொத்தில் பிள்ளைகளோட உங்களுக்கும் பங்கு உண்டு.

2. யார் அவசரப்படுத்தினாலும், குழுவில் சொல்லாம எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடாதீங்க.

3. பத்திர நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்க. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. போன் எண் 15100. முதியோர் உதவிக்கு 14567.

4. ஒவ்வொரு குழுவும் 60 வயசு தாண்டினவங்க பட்டியல் எடுத்து, உதவித்தொகை மனு, அடையாள அட்டை யார் யாருக்கு வேணும்னு அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வரணும்.

பிள்ளைகளை நம்ப வேண்டாம்னு நான் சொல்லலை. நல்லாப் பார்த்துக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு வரியால எந்த நஷ்டமும் இல்லை. அதை எழுதக் கூடாதுன்னு கோவிச்சுக்கிற பிள்ளைகிட்டத்தான் நாம யோசிக்கணும்.

சின்னம்மா அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வீடு அவங்ககிட்டயே இருந்திருக்கும். நீங்க கேளுங்க.