கடல் கடந்த வேலையும் கைமாறிய இடரும்

2004 பிப்ரவரியில், அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவராக இருந்த கிரெகரி மேன்கியூ, அவுட்சோர்சிங்கும் பன்னாட்டு வாணிபத்தின் ஒரு புதிய வடிவம்தான், நாளடைவில் அது நாட்டுக்கு நன்மையே தரும் என்ற பொருள்படப் பேசினார். பாடநூலில் இருப்பதைத்தான் சொன்னார். அது தேர்தல் ஆண்டு என்பதை மறந்துவிட்டார். சொந்தக் கட்சியினரே அவரைக் கண்டித்தார்கள். அங்கே அந்தச் சண்டை நடந்தபோது இங்கே நாம் வரவு எழுதிக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு நாற்காலி காலியானால் இங்கே ஒன்று நிரம்புகிறது. அவர்கள் இழப்பு நம் ஆதாயம். இரு கரையிலும் இன்றுவரை பேச்சு இந்தத் தராசிலேயே நிற்கிறது. தராசே பிழை என்பது என் வாதம். கடல் கடந்து வந்தது வேலை மட்டும் அல்ல. சந்தை சரிந்தால் என்ன ஆகும், கற்ற தொழில்நுட்பம் காலாவதியானால் என்ன ஆகும் என்ற இடரும் அதனோடு சேர்ந்து கைமாறியது. முன்பு ஒரு பெரிய நிறுவனம் சுமந்த அந்த இடர், படிப்படியாக இறங்கி, இரண்டு நாடுகளிலும் சம்பளக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது.

தொடக்கத்தில் வேலை இங்கே வரவில்லை. ஆள்தான் அங்கே போனார். 1968-ல் தொடங்கிய டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.), 1970-களில் பர்ரோஸ் கணினி நிறுவனத்துக்காக நிரல் எழுத ஆட்களை அனுப்பியதிலிருந்து இந்தக் கதையைச் சொல்லலாம். 1991-ல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம் வந்தது. செயற்கைக்கோள் இணைப்பும் வரிவிலக்கும் சேர்ந்து கிடைத்தன. காக்னிசன்ட் 1994-ல் சென்னையில் பிறந்தது. 2000 என்ற ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்திருந்த பழைய நிரல்கள் மேலைநாட்டு நிறுவனங்களைப் பதறவைத்தபோது, அவற்றை வரிவரியாகத் திருத்தப் பெரும் படை தேவைப்பட்டது. அந்தப் படை நம்மிடம் இருந்தது. சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும் அதே 2000-ல்தான். அமெரிக்காவில் பொழுது சாயும்போது இங்கே விடிகிறது என்பது கூடுதல் வசதி. இவ்வளவும் தெரிந்த வரலாறு. இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் ஒரு கணக்கு. மெக்கின்சி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2003-ல் வெளியிட்டது அது. அவுட்சோர்சிங்கை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. ஓர் அமெரிக்க நிறுவனம் ஒரு டாலர் மதிப்புள்ள வேலையை இந்தியாவுக்கு அனுப்பினால் இந்தியாவுக்கு 33 சென்ட் கிடைக்கிறது, அமெரிக்காவுக்கோ 1.12 முதல் 1.14 டாலர் வரை திரும்புகிறது, ஆக அனுப்பியவருக்கே ஆதாயம் அதிகம் என்றது ஆய்வு. அந்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள். 58 சென்ட் நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவு. கூடுதல் ஏற்றுமதியாலும், இந்தியாவில் உள்ள அமெரிக்க நிறுவனங்கள் அனுப்பும் லாபத்தாலும் 9 சென்ட் போல. மீதி 45 முதல் 47 சென்ட் வேலை இழந்தவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வதால் வருவது. முதல் தொகை ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து கைக்கு வரும். கடைசித் தொகை வருமா, எப்போது வரும் என்பது நடுவயதில் மீண்டும் மனுப் போடும் ஒரு மனிதரின் கையில் இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் போட்ட டாலரே திரும்பவில்லை. வேலை இழந்தவர் மறுவேலை பெறுவது கடினமாக இருந்த ஜெர்மனிக்கு இதே முறையில் கணக்கிட்டபோது, ஒரு யூரோவுக்கு ஒரு யூரோ கூடத் தேறவில்லை. ஆதாயத்தின் உறுதியான பகுதி முதலாளிக்கு, ஊகமான பகுதி தொழிலாளிக்கு. எதிர்ப்பாளர் எழுதிய கணக்கு அல்ல இது, ஆதரவாளர் எழுதியது.

அந்த ஊகம் பொய்த்தால் கைகொடுக்க அமெரிக்காவில் சட்டம் இருந்தது. வெளிநாட்டு வாணிபத்தால் வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தரும் திட்டம் 1962-லேயே வந்தது. ஆனால் அது பொருள் செய்பவர்களுக்கு உரியது. மென்பொருள் ஒரு பொருளா என்று அதிகாரிகள் கேட்டு நிரலாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. சேவைத் துறையினரையும் அதில் சேர்த்தது 2009-ல்தான். 2022 ஜூலையில் திட்டத்தின் காலமே முடிந்துபோனது. இடையில், ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஏறத்தாழ 250 பேர், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு 2015 தொடக்கத்தில் வெளியேறினார்கள். வந்தவர்களில் பலர் எச்-1பி விசாவில் வந்த இந்தியர்கள். பொருளியலாளர் ஆலன் பிளைண்டர் 2006-ல் ஒரு கோடு கிழித்துக் காட்டினார்: இனிப் பிரிவினை படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையே இல்லை, கம்பி வழியே அனுப்பக்கூடிய வேலைக்கும் அனுப்ப முடியாத வேலைக்கும் இடையே என்று. முடிவெட்டுபவருக்கு இல்லாத பயம் நிரலாளருக்கு உண்டு. இந்தக் கோடு கடலோடு நிற்பதில்லை என்பதை நாம் கவனிக்கத் தவறினோம். கம்பி வழியே இங்கே வந்த வேலை, அதே கம்பி வழியே வேறெங்கும் போகலாம்.

இங்கே கிடைத்தவற்றைக் குறைத்துச் சொன்னால் என் வாதத்துக்கே இழுக்கு. தொழில் அமைப்பான நாஸ்காம் கணக்கில் 2023-24-ல் இந்தத் துறையின் வருவாய் ஏறத்தாழ 25,400 கோடி டாலர். 54 லட்சம் பேர் வேலை செய்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் பெண்கள். 1984 முதல் பெருகிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள், 2007-ல் நீங்கிய நுழைவுத் தேர்வு, 2010-ல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை எல்லாம் சேர்ந்து, தமிழ்நாட்டில் இந்தக் கதவைப் பலருக்குத் திறந்தன. பெங்களூரில் கரோல் உபாத்யா, ஏ.ஆர். வாசவி ஆகியோரும், சென்னையில் கிறிஸ் ஃபுல்லர், ஹரிப்பிரியா நரசிம்மன் ஆகியோரும் செய்த ஆய்வுகள், தொடக்கத்தில் இத்துறையை நகரத்து நடுத்தர வகுப்பும் மேல்சாதியினருமே பெரிதும் நிரப்பியதைக் காட்டின. பிறகு அந்த வட்டம் விரிந்தது. அப்பன் நிலத்தில் நின்ற வீட்டில் மகள் சென்னையின் ஐ.டி. நெடுஞ்சாலையான ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறாள் என்பது மெய்யான மாற்றம். புள்ளிவிவரம் காட்டி அதை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயத்தம் செய்தவர் யார்? கல்லூரிக் கட்டணம் குடும்பத்தினுடையது, சலுகை அரசினுடையது. நிறுவனங்கள் பெற்ற லாப வரிவிலக்கு 2011 மார்ச் வரை நீடித்தது. ஆள் தயாரானதும் ஒப்பந்தம் அமெரிக்க கிளையன்டுக்கும் இந்திய நிறுவனத்துக்கும் இடையே போடப்படுகிறது. அதில் ஆளுக்கு இடமில்லை. தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் தலைக்கணக்கு பில்லிங்குக்குத்தான் இடம்.

இந்த பில்லிங்கில்தான் இடர் இறங்கும் படிக்கட்டு தெரிகிறது. கிளையன்ட் தனக்குச் சொந்தமாக ஆள் வைத்திருந்தால் வேலை குறைந்த மாதத்திலும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எடுத்தால் புராஜெக்ட் முடிந்ததும் கணக்கு முடிகிறது. அப்படி வெளியே வந்தவரை இந்திய நிறுவனம் அடுத்த புராஜெக்ட் வரும்வரை சம்பளத்தோடு வைத்திருப்பதுதான் பெஞ்ச். ஒரு காலத்தில் பெஞ்ச் என்பது நிறுவனம் சுமந்த காப்பீடு. 2025 ஜூனில் நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ்., ஆண்டில் 225 நாள் பில்லிங் காட்ட வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வகுத்தது. அடுத்த மாதமே, நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருப்பவர்களைப் பெரிதும் பாதிக்கும் வகையில் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஒரு நிறுவனத்தின் குணக்கேடாக இதைப் பார்க்கத் தேவையில்லை. கிளையன்ட் இறக்கிவைத்த சுமையை நிறுவனம் அடுத்த படிக்கு இறக்குகிறது. அதற்குக் கீழே படி இல்லை.

சம்பளம் அந்த இடருக்கு விலை கொடுத்துவிடுகிறதே என்று கேட்கலாம். பொருளியல் பாடமும் அதுதான்: ஆபத்தான வேலைக்குக் கூலி கூடும். பார்ப்போம். 2010 வாக்கில் பெரிய நிறுவனங்களில் கேம்பஸில் தேர்வாகும் ஃபிரெஷருக்கு ஆண்டு பேக்கேஜ் 3 லட்சம் ரூபாயை ஒட்டி இருந்தது; 2023-ல் மூன்றரை லட்சத்தை ஒட்டி. இந்த இடைவெளியில் விலைவாசி ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. இதையே டாலரில் எண்ணினால் படம் இன்னும் தெளிகிறது: அன்றைய மதிப்பில் 6,500 டாலர் போல இருந்த ஃபிரெஷர், 2023-ல் 4,200 டாலருக்குக் கிடைத்தார். ரூபாய் சரியும்போதெல்லாம், டாலரில் பில் போடும் நிறுவனத்துக்கு ரூபாயில் வரவு கூடியது. ஃபிரெஷருக்கு அதில் பங்கு வரவில்லை. அனுபவம் ஏறினால் சம்பளம் நன்றாகவே ஏறும், உண்மை. ஆனால் அடி அகன்று நுனி குறுகிய கூம்பு இந்தத் தொழிலின் அமைப்பு. கிளையன்டுக்கு விலை கட்டுப்படியாக வேண்டுமானால் அடியில் ஃபிரெஷர்கள் நிறைய இருக்க வேண்டும்; மேலே ஏறுகிறவர் சம்பளம் ஏற ஏற, கூம்பின் கணக்கில் சுமை ஆகிறார். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு அனுபவம் பெற்றவரின் பேர்தான் ஆட்குறைப்புப் பட்டியலில் முதலில் வருகிறது. அந்த வயதில்தான் வீட்டுக் கடனின் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உச்சத்தில் நிற்கின்றன.

ஆகவே கடைசிக் காப்பீட்டு நிறுவனம் குடும்பம்தான். சியாங் பியாவ் என்ற மானிடவியலாளர் ஹைதராபாத்திலும் சிட்னியிலும் ஆய்வு செய்து 2007-ல் எழுதிய நூல், ஐ.டி. ஆட்களை உருவாக்கும் செலவின் ஒரு பகுதி ஆந்திரத்து விவசாய வருமானத்திலிருந்தும் வரதட்சணையிலிருந்தும் வந்ததைக் காட்டியது. சிட்னியில் புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பவரின் பெஞ்சை ஊரில் ஒரு பெண் வீட்டார் தாங்கியிருக்கிறார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் எந்த வரவுசெலவுக் கணக்கிலும் இந்த வரி இருக்காது. நம் பக்கத்தில் கல்விக் கடன், அடகு வைத்த நகை, அமெரிக்கப் பகலுக்காக இரவு ஷிப்ட் போகிறவளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டி என்று அந்த வரியை எழுதலாம். ஊரும் பங்கு கொடுத்தது. வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தையும் உடலையும் தின்றபடிதான் ஐ.டி. நெடுஞ்சாலை தெற்கே வளர்ந்தது. 2022-ல் அந்தச் சதுப்புக்குப் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தபோது மிஞ்சியிருந்தது பழைய பரப்பின் ஒரு துண்டு.

இதெல்லாம் பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்பது இன்னொரு மறுப்பு. அமெரிக்க நிறுவனங்கள் இடைத்தரகர் இல்லாமல் இங்கேயே சொந்த மையங்கள் திறக்கின்றன. 2023-24-ல் அப்படிப்பட்ட மையங்கள் 1,700. அவற்றில் 19 லட்சம் பேர். இடைநிலைப் படி ஒன்று குறைவதும், சம்பளம் கூடுவதும் மெய்யே. ஆனால் இந்த மையங்கள் பெரும்பாலும் அனுபவம் உள்ளவரைத் தேடுகின்றன; ஃபிரெஷரைப் பயிற்றுவிக்கும் செலவு மீண்டும் வேறொருவர் தலையில். செயற்கை நுண்ணறிவோ தலைக்கணக்கு பில்லிங்கின் அடிவேரிலேயே கை வைக்கிறது. பத்துப் பேர் எழுதிய நிரலை நான்கு பேர் எழுதினால், கிளையன்ட் நான்கு பேருக்குத்தான் பணம் தருவார். எச்-1பி புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் என்று 2025 செப்டம்பரில் வாஷிங்டன் அறிவித்தது. ஒரு கையெழுத்தில், அமெரிக்காவுக்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் கனவின் விலை மாறியது. எது வந்தாலும் அதிர்ச்சி இறங்கும் திசை மட்டும் மாறவில்லை. வேலைகள் இங்கே தங்குமா போகுமா என்பதையே விவாதிக்கும் நாம், இந்தத் திசையைப் பற்றிக் கேட்பதில்லை.

பாதுகாப்பு கேட்டால் வேலை வராது என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம். வேலை விதிகளை எழுதிவைக்கச் சொல்லும் நிலையாணைச் சட்டத்திலிருந்து கர்நாடகம் ஐ.டி. துறைக்கு மீண்டும் மீண்டும் விலக்கு அளித்ததன் பின்னால் இந்த அச்சம்தான் இருந்தது. கிளையன்ட் இந்தியாவைத் தேடி வருவது விலைக்காக என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான் பேசுவது வேலைநீக்கத்தைத் தடுப்பது பற்றி அல்ல, அதன் செலவை யார் எழுதிக்கொள்வது என்பது பற்றி. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது 2016-ல், அதனால் ஓ.எம்.ஆரிலிருந்து யாரும் ஓடிவிடவில்லை. அந்த உரிமை காகிதத்தில் நிற்பதற்குக் காரணம் வேறு. ஆட்குறைப்பு என்று எழுதினால் நோட்டீஸும் இழப்பீடும் வரும். ஊழியரே விலகியதாகக் கடிதம் வாங்கிவிட்டால் எதுவும் வராது. ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த நிறுவனத்தில் சேர முடியாது என்பதால் அந்த விலகல் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது ஊழியர் சங்கங்களின் நெடுநாள் புகார். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு, ஆட்குறைப்பில் வெளியேறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மறுபயிற்சிக்காக 15 நாள் சம்பளத்தை முதலாளி ஒரு நிதியில் செலுத்த வேண்டும் என்கிறது. மூன்றரை லட்சம் பேக்கேஜில் அது 14,000 ரூபாய் சொச்சம். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளி ஆக மாட்டார் என்கிறது அதே தொகுப்பு. ஐந்தாறு ஆண்டு போனால் எல்லாருடைய அடையாள அட்டையிலும் ‘லீட்’ என்றே அச்சாகிவிடும் துறை இது.